பொருட்கவலையை வென்ற பெஞ்சமின் பிராங்கிளின்

கடன்பட்டவன் தன் சொந்த ஊரிலேயே சுற்றுவழியால் நடப்பான். நேரே செல்லும் வீதியிற் கடன் கொடுத்தவர் வீடு இருக்கும். ஆகையால் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரும்பி, இருட்டிய பின் வீடு சேர்வான். கால் இரண்டும் நன்றாயிருந்தும் விரும்பிய வழியில் நடக்கமாட்டாத இந்நிலையைச் சுதந்திரம் என்று எவரும் சொல்லார். நாட்டுச் சுதந்திரத்தைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஒருவன் தன் உழைப்பாலும் செட்டாலும் பெறும் சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. பேசினாற் பேராசைக்காரர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் போலும். இவ்விரு சுதந்திரங்களையும் தேடி உழைத்த ஒருவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்வோம். 1776ஆம் ஆண்டு அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் என்றும், மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிய விஞ்ஞானி என்றும் பெஞ்சமின் பிராங்கிளினை மாணவர் யாவரும் அறிவர். அவற்றுக்கெல்லாம் முன்னே அவர் ஓர் அச்சுத் தொழிலாளி. கடனாளியுங்கூட.

பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு சனவரி 17ஆந் திகதி பொஸ்தன் நகரிற் பிறந்தார். தந்தையார் யோசையா இங்கிலாந்திற் சாயத்தொழில் செய்தவர். அமெரிக்காவில் அத்தொழிலில் வருவாய் போதாமையால் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றார். தந்தையாரின் இரு தாரத்துப் பிள்ளைகள் 17 பேர். அவர்களுள் பெஞ்சமின் பதினைந்தாமவர். பள்ளிக்கூடப் படிப்பு இரண்டு வருடமும் நிறையவில்லை. பத்து வயதிலே திரி வெட்டவும், அச்சுக்களில் வார்க்கவும், கடை பார்க்கவும் அமர்ந்தார். அத்தொழில் அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. மகன் கப்பலேறிப் போய்விடுவானோ என்று அஞ்சிய தந்தையார், அவரது புத்தகப் பிரியத்தைக் கண்டு, பன்னிரண்டாவது வயதில் தமையன் யேம்ஸ் நடத்திய அச்சுக்கூடத்திலே தொழில் பழக விட்டார். இருபத்தொரு வயதுவரை அங்கே உழைக்கவேண்டும். கடைசி வருடத்திற்கு மட்டுமே கூலி. இதுவே உடன்படிக்கை.

கூலியே இல்லாத பையனுக்குச் சேமிப்பு எங்கிருந்து வரும்? பதினாறு வயதளவில் மரக்கறி உணவின் நன்மையைக் கூறும் நூலொன்று அவர் கைக்கு வந்தது. அன்று முதல் மாமிசத்தைத் தள்ளினார். அக்காலம் யேம்ஸ் மணமாகாதவர். தாமும் தம் தொழிலாளரும் வேறொரு வீட்டிற் பணங் கொடுத்து உண்டுவந்தனர். தம்பியார் தனியே ஒரு வழி போனது அங்கே தொல்லையாயிற்று. உடனே பெஞ்சமின் ஓர் ஏற்பாடு சொன்னார்: தம் சாப்பாட்டிற்குக் கொடுக்கும் பணத்திற் பாதியைத் தம்மிடம் தந்தாற் போதும், தாமே சமைத்து உண்பார். தமையனார் மறுவார்த்தையின்றி உடன்பட்டார். அப்பாதியிலும் பாதி மிஞ்சியது, அது புத்தகமாயிற்று. மற்றவர்கள் உண்ணப் போயிருக்கும் நேரத்தில், ஒரு துண்டு பாணும் ஒரு பிடி உலர்ந்த முந்திரிகைப் பழமும் ஒரு குவளைத் தண்ணீருமாக ஊணை முடித்துக்கொண்டு, ஆளில்லாத அச்சுக்கூடத்திலிருந்து படித்தார். பள்ளியில் இருமுறை தோற்ற கணக்கை அவர் தாமே கற்றுத் தேறியது அந்த நேரத்திலேதான். மரக்கறி உண்பது நமக்குப் புதுமையன்று. அதில் மிச்சம் பிடித்துக் கணக்குப் படித்ததே புதுமை. அந்த விரதம் நெடுங்காலம் நிற்கவில்லை என்பதையும் ஒளியாமற் சொல்லிவிடவேண்டும். பின்னொரு கப்பற் பயணத்திற் பொரித்த மீனின் மணம் மூக்கிலேற, பெரிய மீனின் வயிற்றிலே சின்ன மீன் இருந்ததை நினைந்து, நீங்கள் ஒருவரையொருவர் தின்னும்போது நான் உங்களைத் தின்றாலென்ன என்று தமக்குள் நியாயம் தேடிக்கொண்டு உண்டாராம். வேண்டியதற்கு நியாயம் கண்டுபிடிக்கும் வல்லமை மனிதனுக்கு உண்டென்று தம்மையே பிற்காலத்திற் பரிகசித்தும் எழுதினார்.

தமையனுக்கும் தம்பிக்கும் ஒத்துவரவில்லை, அடியும் விழுந்தது. 1723ஆம் ஆண்டு, தம் புத்தகங்களிற் சிலவற்றை விற்றுப் பயணக்கூலி தேடிக்கொண்டு, சொல்லாமற் புறப்பட்டார். நியூயோர்க்கில் வேலை கிடைக்கவில்லை. ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையொன்றிற் பிலடெல்பியாவிற் போய் இறங்கினார். வயது பதினேழு. உடுப்பு அழுக்கேறியிருந்தது, கையில் ஓர் ஒல்லாந்த டொலரும் ஒரு சிலிங் பெறுமதியான செப்புக்காசுமே இருந்தன. தாமும் துடுப்பு வலித்து வந்தபடியாற் படகுக்காரர் கூலி வேண்டாமென்றனர். அவர் விடவில்லை, செப்புக்காசு முழுவதையும் கொடுத்தே தீர்ந்தார். கையிற் கொஞ்சம் இருப்பவன் தன்னிடம் கொஞ்சமே உண்டென்று பிறர் அறியாதிருக்கும் பொருட்டுத் தாராளமாகிவிடுகிறான் என்று இதனை அவர் பின்னர் விளக்கினார். நமது கலியாண வீடுகளின் செலவுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இவ்விளக்கம் நன்கு விளங்கும். பின்னர் ஒரு கடையில் மூன்று பென்சுக்குப் பாண் கேட்டார். பொஸ்தன் நகர விலையை நினைத்துக் கேட்டவருக்கு மூன்று பெரிய பாண்கள் கிடைத்தன. சட்டைப்பையில் இடமில்லை. கக்கத்துக்கொன்றாக இரண்டை இடுக்கிக்கொண்டு மூன்றாவதைக் கடித்தபடியே வீதியால் நடந்தார். அக்கோலத்தைத் தன் வீட்டு வாயிலில் நின்று கண்ட பெண்ணே டெபோரா ரீட். பிற்காலத்தில் அவருக்கு மனைவியாக வாய்த்தவர். மிஞ்சிய இரு பாண்களையும் படகிற் கூடவந்த ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டார்.

இனிச் சொல்லப்போவது அவர் வாழ்க்கையின் கறையான பகுதி. சரித்திரக்காரர் பலர் இதனை இரண்டு வரியிற் கடந்துபோவர். எனக்கோ அவரது வாழ்க்கை திரும்பிய இடம் இதுவாகவே படுகிறது.

பென்சில்வேனியாவின் ஆளுநராயிருந்த சேர் வில்லியம் கீத் இளைஞரின் திறமையைக் கண்டு, தனி அச்சுக்கூடம் அமைத்துத் தருவதாக ஆசை காட்டினார். அதற்குத் தந்தையாரின் உதவி கேட்க 1724இல் பெஞ்சமின் பொஸ்தனுக்குப் போனார். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அவ்வளவு முதலைக் கொடுப்பது தகாதென்று தந்தையார் மறுத்தார். இருபத்தொரு வயதுக்குள் உழைத்துச் சேர்த்து வந்தால், குறைவதைத் தாம் இட்டு நிரப்புவதாகவும் சொல்லியனுப்பினார். திரும்பும் வழியில் நியூபோட் என்னும் ஊரிலே வேணன் என்பவர், பென்சில்வேனியாவில் தமக்கு வரவேண்டிய சுமார் 35 பவுணை அறவிட்டுத் தம் சொல் வரும்வரை வைத்திருக்கும்படி பெஞ்சமினிடம் ஒப்படைத்தார். பணம் கைக்கு வந்தது. கூடவே கொலின்ஸ் என்னும் பழைய தோழனும் வந்து சேர்ந்தான். அவன் குடியில் வீழ்ந்தவன். சிநேகிதனுக்கென்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்ததில் வேணனுடைய பணம் கரைந்தது. பிறர் பணத்தில் இரக்கங் காட்டுவது எத்தனை எளிது! கொலின்ஸ் மேற்கிந்தியத் தீவுக்குப் போனான், பணமும் போயிற்று. வேணன் இன்று கேட்பாரோ, நாளை கேட்பாரோ என்ற அச்சம் மட்டும் போகவில்லை. அது பல ஆண்டுகள் அவர் நெஞ்சிற் கிடந்தது.

ஆளுநர் கீத்தின் வாக்கும் காற்றாயிற்று. அச்செழுத்து வாங்க இலண்டனுக்குப் போகும்படியும், பணத்திற்கான கடிதங்களைக் கப்பலில் அனுப்புவதாகவும் சொன்னார். 1724 டிசம்பரில் இலண்டன் சேர்ந்தபோது அப்படி ஒரு கடிதமும் கப்பலில் இல்லை. அந்நிய நகரத்தில் ஒரு கூலித் தொழிலாளியாக நின்றார். அங்கே வேலை செய்த இரண்டாவது அச்சுக்கூடத்திற் கிட்டத்தட்ட 50 பேர் இருந்தனர். எல்லாரும் பியர் குடிப்பவர்கள். பக்கத்திலிருந்த தொழிலாளி காலை உணவுக்கு முன் தொடங்கி வேலை முடியும்வரை நாளொன்றுக்கு ஆறு முறை குடிப்பான். பலம் வேண்டும் என்பது அவன் நியாயம். தண்ணீரையே குடித்த பிராங்கிளினோ, அவர்கள் இரண்டு கையாலும் ஒன்றாகத் தூக்கும் அச்செழுத்துச் சட்டத்தைக் கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கினார். சனிக்கிழமை தோறும் நாலைந்து சிலிங் அவர்களது கூலியிலிருந்து குடிக்கணக்கிற்குப் போகும். இத்தனை செட்டாயிருந்தும் அவர் கையிற் பெரிதாக எதுவும் தேறவில்லை. கூடவந்த வேறொரு நண்பர் 27 பவுண் கடன்பட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை. புத்தகத்திற்கும் நாடகத்திற்கும் அவரும் செலவழித்தார்.

1726இல் தாய்நாடு திரும்புங் கப்பலில், இனி நடக்கவேண்டிய முறையைச் சில விதிகளாகத் தமக்கு எழுதிக்கொண்டார். அவற்றுட் பணம் சேர்ப்பது என்ற விதி இல்லை. பட்ட கடன் தீரும்வரை மிகச் சிக்கனமாயிருப்பது, நிறைவேற்ற முடியாத எதிர்பார்ப்பைப் பிறர் மனத்தில் ஊட்டாதிருப்பது, கைக்கொண்ட தொழிலைப் பொறுமையாகச் செய்வது, எவரையும் தூற்றாதிருப்பது ஆகியவையே இருந்தன. கீத்தையும் கொலின்ஸையும் கண்ட ஒருவர், தம்மையும் கண்டுகொண்டு எழுதியவை அவை. பின்னாளில் அவர் பதின்மூன்று நற்குணங்களை ஒரு சிறு கொப்பியில் வரைந்து, வாரத்திற்கொன்றாகப் பயின்றது பலரும் அறிந்த கதை. அதிலே செட்டு ஐந்தாவது, உழைப்பு ஆறாவது. உண்மையும் நீதியும் அவற்றின்பின் வருகின்றன. இவ்வொழுங்கிற்கு அவர் காட்டிய காரணம் நமது கவனத்திற்குரியது: எஞ்சிய கடனும் தீர்ந்து பிறர் கையை எதிர்பாராத நிலை வந்தால், உண்மை பேசுவதும் நேர்மையாக நடப்பதும் எளிதாகுமாம். கடன்காரன் பொய்யனாய்ப் பிறப்பதில்லை. நாளை தருகிறேன் என்று சொல்லப் பழகுகிறான்.

1728இல் இயூ மெரடித் என்பவரோடு கூட்டாக அச்சுக்கூடம் திறந்தார். எழுத்துக்களைப் பிரித்து வைக்குமுன்னே நண்பர் ஒருவர் நாட்டுப்புறத்தான் ஒருவனைக் கூட்டிவந்தார். அவன் தந்த ஐந்து சிலிங் பின்னர் வந்த எந்தப் பணத்தையும்விட இனித்ததாகப் பிராங்கிளின் சொல்வார். அப்போது ஊரில் மதிப்புள்ள முதியவர் ஒருவரும் வாயிலில் வந்து நின்றார். நீதானா புதிதாய் அச்சுக்கூடம் போட்டவன் என்று கேட்டு, ஐயோ பாவம், இந்த நகரமே அழியப்போகிறது, பாதிப்பேர் வங்குறோத்து என்று நெடுநேரம் சொல்லிவிட்டுப் போனார். தொழில் தொடங்குமுன் அவரைக் கண்டிருந்தால் தொடங்கியே இருக்கமாட்டார் என்னும்படி மனம் சோர்ந்துவிட்டது. அம்முதியவர் அழியப்போகும் ஊரில் வீடு எதற்கென்று பல ஆண்டுகள் வாங்காமலிருந்து, கடைசியில் ஐந்து மடங்கு விலைக்கு ஒன்றை வாங்கினார். எமது சங்கத்துப் பெரியோர்கள் இதைத் தம்மைப் பற்றியதென்று கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன்.

அழிவு வேறு பக்கத்தால் வந்தது. முதலாக 200 பவுண் தருவதாயிருந்த மெரடித்தின் தந்தையார் பாதியையே கொடுத்தார். மிகுதிக்கு வியாபாரி வழக்குத் தொடுத்தார். அச்சுப்பொறியும் எழுத்தும் பாதி விலைக்கு ஏலத்திற் போகவேண்டிய நிலை. அவ்வேளை வில்லியம் கோல்மன், றொபேட் கிறேஸ் என்னும் இரு நண்பர்கள், ஒருவர் அறியாமல் மற்றவர், கேளாமலே தனித்தனியாக வந்து, வேண்டிய பணம் முழுவதையும் தாம் தருவதாகச் சொன்னார்கள். ஒருவரை ஏற்று மற்றவரை மனம் நோகச் செய்ய விரும்பாமல், இருவரிடமும் பாதி பாதியாகப் பெற்றுக்கொண்டார். 1730இல் மெரடித் விலகியபின் தொழில் அவருக்கே உரியதாயிற்று. இந்த இருவரும் 1727இல் பிராங்கிளின் தொடங்கிய இளைஞர் மன்றத்தின் அங்கத்தவர்கள். ஆரம்பத்திற் பன்னிருவரளவில் வெள்ளிக்கிழமை மாலைகளிற் கூடிப் படித்ததையும் கண்டதையும் பேசிய சிறு மன்றம் அது. எவர் துணையுமின்றித் தாமே உயர்ந்தவர் என்று இவரைப் புகழ்வோர் அந்த வெள்ளிக்கிழமைகளை மறந்துவிடுகின்றனர்.

கோல்மனும் கிறேசும் ஏன் வந்தார்கள்? நாள்தோறும் அவர் உழைப்பைக் கண்டதனாலேயே. இரவு பதினொரு மணிவரை அச்சுக்கூடத்தில் விளக்கெரியும். அயலார் படுக்கைவிட்டெழுமுன் மறுபடியும் எரியும். உழைப்பாளியாய் இருப்பது மட்டுமன்றி, அது பிறர் கண்ணிற் படவும் வேண்டும் என்பதிலும் அவர் கருத்தாயிருந்தார். எளிய உடுப்பு; சூதும் கேளிக்கையுமுள்ள இடங்களில் அவரைக் காண முடியாது. கடையில் வாங்கிய கடதாசியை ஒற்றைச் சில்லுக் கைவண்டியில் வைத்துத் தாமே வீதியாற் தள்ளிவருவார். இதிலே கொஞ்சம் வேடம் இல்லையா என்று கேட்பாருளர். உண்டு; அவரே மறைக்கவில்லை. ஆயினும் கைவண்டியிலிருந்த கடதாசி மெய்யானது. அதற்குரிய பணத்தையும் தவணை தவறாமற் கொடுத்தார். இதே காலத்தில் வேணனிடமிருந்து ஒரு ஞாபகக் கடிதம் வந்தது. வற்புறுத்தல் அதில் இல்லை. பிராங்கிளின் ஒன்றையும் ஒளியாமல் எழுதித் தவணை கேட்டார். முடிந்தவுடன் முதலும் வட்டியுமாகக் கொடுத்து, நன்றியும் சொன்னார்.

1730இல் டெபோராவை வாழ்க்கைத் துணையாகக் கொண்டார். அந்த அம்மையார் துண்டுப்பிரசுரங்களை மடித்துத் தைத்தார், கடையைப் பார்த்தார், கடதாசி செய்வோருக்காகப் பழந்துணி வாங்கிச் சேர்த்தார். வீண் வேலைக்காரர் இல்லை. ஐயாவின் காலையுணவு பாணும் பாலும். இரண்டு பென்ஸ் மட்பாத்திரம், ஈயக் கரண்டி. ஒருநாள் காலை வந்து பார்த்தால் சீனக் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் இருக்கின்றன! அவருக்குத் தெரியாமல் மனைவியார் 23 சிலிங் கொடுத்து வாங்கியது. அயலவர்களைப்போலத் தம் கணவரும் வெள்ளிக் கரண்டிக்கு உரியவர் என்பதே அம்மையார் சொன்ன ஒரே நியாயம். வீட்டிற்குள் ஆடம்பரம் இப்படித்தான் நுழைந்தது என்று பிராங்கிளின் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அத்தனை ஆண்டு பழந்துணி சேர்த்தவருக்கு அந்த ஒரு கரண்டி அதிகமென்று எனக்குத் தோன்றவில்லை.

தொழில் வளர்ந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1729இல் ஒரு வாரப்பத்திரிகையை வாங்கி நடத்தினார். 1732 முதல் ‘ஏழை ரிச்சட்’ என்ற புனைபெயரில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டார். அது வருடத்திற் கிட்டத்தட்ட 10,000 பிரதி விற்றது. செட்டையும் உழைப்பையும் பற்றிய சிறுசிறு வாக்கியங்களை அதன் ஓரங்களில் நிரப்பினார். 1758ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கத்தில் ஒரு வேடிக்கை செய்தார்: ஏலம் தொடங்கக் காத்திருக்கும் கூட்டத்திற்கு ஒரு கிழவர் அவ்வாக்கியங்களையெல்லாம் கோத்துப் பெரிய பிரசங்கம் செய்கிறார். கூட்டம் தலையாட்டுகிறது. ஏலமணி அடித்ததும் முன்போலவே விலைகூட்டி வாங்குகிறது. புத்திமதி விற்றே பொருளீட்டியவர் அதன் பலத்தை எவ்வளவு என்று சரியாகவே அளந்திருந்தார்.

அவர் கண்ட மற்றொரு வழி கூட்டுத்தொழில். தம்மிடம் தொழில் பழகிய நல்ல வேலையாட்களுக்குப் பொறியும் எழுத்தும் கொடுத்து வேறு ஊர்களுக்கு அனுப்புவார். செலவில் மூன்றிலொன்று அவருடையது, இலாபத்தில் மூன்றிலொன்றும் அவருடையது. பெரும்பாலும் ஆறு வருடத் தவணை முடிந்ததும் அவர்கள் பொறியை விலைக்கு வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்வர். தென் கரோலினாவுக்குப் போனவர்களுள் ஒருவர் கல்விமான். ஆனாற் கணக்கு அவரிடமிருந்து ஒழுங்காக வந்ததேயில்லை. அவர் இறந்தபின் மனைவியார் எலிசபெத் திமொதி, சின்னஞ்சிறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்திற்கொருமுறை தவறாமற் தெளிவான கணக்கு அனுப்பினார். தவணை முடிவில் அச்சுக்கூடத்தையே விலைக்கு வாங்கி மகனுக்கு ஆக்கினார். இதனைக் கண்ட பிராங்கிளின், பெண்பிள்ளைகளுக்கு இசையையும் நடனத்தையும்விடக் கணக்கெழுதும் வித்தை பயன் தரும் என்று எழுதினார். நமது வீடுகளிலும் இது எண்ணப்படவேண்டும்.

ஒரு கசப்பான உண்மையையும் விடுவதற்கில்லை. தமக்குச் சுதந்திரம் தேடிய இவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அடிமை விற்பனை விளம்பரங்களும், ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் விளம்பரங்களும் அவர் பத்திரிகையில் வந்தன. தாமே ஒருகாலத்தில் ஓடிவந்த தொழிற்பழகுநர் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை போலும். அந்த விளம்பரக் காசும் அவர் சேர்த்த பொருளிற் கலந்தது. முதுமையில் மனம் மாறினார். 1787இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில் அடிமைத்தனத்தை எதிர்த்துக் காங்கிரசுக்குச் சென்ற மனுவில் அவர் கையொப்பம் இருந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் மறைந்தார். மாற்றம் மெய்யானது. மிகப் பிந்தியும் வந்தது.

1748இல், நாற்பத்திரண்டாவது வயதில், பலரும் செய்யாததொன்றைச் செய்தார். கை நிறைய வந்துகொண்டிருந்த தொழிலைத் தம் முதன்மைத் தொழிலாளி டேவிட் ஹோலிடம் ஒப்படைத்தார். பதினெட்டு வருடத்திற்கு இலாபத்திற் பாதி தமக்கு. உழைப்பும் நிர்வாகமும் ஹோலுக்கு. அதன்பின் எல்லாம் ஹோலுடையது. மேலும் சேர்க்க வலிமையும் வாய்ப்பும் இருந்தும் போதும் என்று நிறுத்திக்கொண்டார். செல்வராய் இறந்தாரென்று சொல்லப்படுவதிலும் பயன்பட வாழ்ந்தாரென்று சொல்லப்படுவதே தமக்கு விருப்பம் என்று தாயாருக்கு எழுதினார். அவர் விலைக்கு வாங்கியது நேரம். அந்த நேரத்திலேதான் மின்சார ஆராய்ச்சி நடந்தது. 1752இல் பட்டமும் பறந்தது. பிற்காலத்து இராசதந்திரப் பணிகளும் அதன்மேல் எழுந்தன. முன்னரே, தாம் அமைத்த புதுமுறைக் கணப்பு அடுப்புக்குத் தனியுரிமை தர ஆளுநர் முன்வந்தபோது, பிறர் கண்டுபிடிப்புகளால் தாம் நன்மையடைவதுபோலத் தம்முடையதாற் பிறரும் அடையட்டும் என்று மறுத்திருந்தார். இலண்டனில் ஒருவர் அதனைச் சிறிது மாற்றித் தமதாக்கிக் காசு பார்த்தார். பிராங்கிளின் வழக்காடப் போகவில்லை.

1790 ஏப்ரல் 17ஆந் திகதி, எண்பத்துநான்காவது வயதில் அவர் காலமானார். நாடறிந்த தூதுவராயிருந்தும், மரண சாசனத்தின் தொடக்கத்திற் தம்மை முதலில் அச்சுத் தொழிலாளி என்றே எழுதியிருந்தார். பின்னிணைப்பில் ஓர் ஏற்பாடு: பொஸ்தனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் பவுண். தாம் தொழில் தொடங்கிய காலத்தில் இரு நண்பர் தந்த கடனே தம் வாழ்வுக்கு அடித்தளமென்று அங்கே அவர் குறித்தார். தொழில் பழகி முடித்த, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட, மணமான இளந்தொழிலாளருக்கு அப்பணத்திலிருந்து 15 முதல் 60 பவுண் வரை நூற்றுக்கு 5 வட்டியிற் கடன் கொடுக்கவேண்டும். ஆண்டுதோறும் முதலிற் பத்திலொன்றை வட்டியோடு கட்டவேண்டும். நல்லொழுக்கத்திற்கு இருவர் பிணை நிற்கவேண்டும். கோல்மனும் கிறேசும் இல்லாத இளைஞருக்கு இரண்டு பேரைத் தேடச் சொன்னார். வரும் வட்டி முதலோடு சேர்ந்து இருநூறு வருடம் பெருகவேண்டுமென்றும் கணக்குப் போட்டு வைத்தார்.

காலம் மாறியது. பழைய முறையிற் தொழில் பழகுவோர் குறைய, கடன் கேட்போரும் குறைந்தனர்; பணம் வேறு வழிகளில் முதலிடப்பட்டது. நூறாண்டு முடிவிற் பிரித்த பங்கைக்கொண்டு 1908இற் பொஸ்தனில் ஒரு தொழிற்கல்விக்கூடம் திறக்கப்பட்டது. இருநூறாண்டு நிறைந்தபோது பொஸ்தன் நிதி சுமார் 50 இலட்சம் டொலராகவும், பிலடெல்பியா நிதி சுமார் 20 இலட்சம் டொலராகவும் வளர்ந்திருந்தது.

அதே சாசனத்தில் இன்னொன்றும் உண்டு. அச்சுக்கூட நாட்களில் ஊரார் அவருக்குத் தரவேண்டியிருந்து தராமல் விட்ட சிறு சிறு தொகைகள் கணக்கேட்டில் நிறைய இருந்தன. அவற்றை அறவிட்டு எடுத்துக்கொள்ளும்படி, தாம் அமைக்க உதவிய பென்சில்வேனியா மருத்துவமனைக்கு அந்தக் கணக்கேட்டைத் தருமமாக எழுதிவைத்திருந்தார். மருத்துவமனையார் சில ஆண்டுகள் வைத்துப் பார்த்துவிட்டு, அறவிட முடியாதென்று திருப்பிக் கொடுத்துவிட்டனர்.